நடு மிதி

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து
மாவுக்கட்டோடு மேலப்பாளையம் வந்த பதினோராம் நாள்
இடது செருப்பை எடுத்து அறுத்தேன்.
அதற்கு இப்போதைக்கு வேலையில்லை.
ஏழு வட்டம். ஸ்டெப்னியையும் சேர்த்து.

ஓர் அடி லாரிக்கு அரை அங்குலம்,
அதுதான் கணக்கு.
டேப்பு தேவைப்படவில்லை.
ஒன்பது வருசம் கழுவின வண்டி,
எந்த ஆணிக்கு அடுத்தது எந்த ஆணி என்று
கைக்குத் தெரியும்.

பாடிக்கு மச்சினன் கல்யாணப் பத்திரிகை.
மீந்தது நாற்பது;
நாலு அட்டை ஒட்டினால் ஒரு பலகை.
சேஸுக்குக் குடைக்கம்பி,
சைலன்சருக்கு மை தீர்ந்த ரீபிள்.
மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளில் ஹெட்லைட்:
காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு,
விழுங்க விழுங்க வெளிச்சம் கூடியது.

சுளவை மடியில் வைத்து
பீடி சுற்றிக்கொண்டே பார்த்தாள் செய்யதலி பாத்திமா.
"ஆயிரத்துக்கு இவ்வளவு நூல்னு
அளந்துதான் குடுக்கான்.
தார்ப்பாய் கட்ட ஒங்களுக்கு
என் நூலுதான் கெடைச்சுதாக்கும்?"
சொல்லிவிட்டு
ஒரு கண்டை என் பக்கம் உருட்டிவிட்டாள்.
மட்கார்டு வளைவுக்கு
அவள் இலை வெட்டுகிற கத்திரியைத் தவிர
வேறெதுவும் சரிப்படவில்லை.

முன்கண்ணாடிக்கு எக்ஸ்ரே.
ப்ளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டுத் தேய்த்தும்
எலும்பு முழுசாகப் போகவில்லை.
வெளிச்சத்தில் பிடித்தால்
டிரைவர் சீட்டுக்கு நேர் எதிரே
முழங்காலுக்குக் கீழே விட்ட விரிசல்,
ரோட்டின் நடுக்கோடு மாதிரி மெலிசாக.

புளியரை எஸ் வளைவில்
ரப்பர் தடி ஏற்றி இறங்கும்போது
மிதித்தேன். தரை வந்தது.
மறுபடி மிதித்தேன். மறுபடியும் தரை.
போலீசிடம் சொன்னது இவ்வளவுதான்.

"கண்ணசந்துட்டேன்னு ஒரு வரி சொல்லிரும்வே,
இன்சூரன்சு லேசா முடிஞ்சிரும்"
என்றார் ஓனர் சொரிமுத்து,
ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து.
நான் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதில் ஒரு இறக்கை கொஞ்சம் வளைந்திருந்தது.

கேபின் கூரையை ஒட்டப் போகிற ராத்திரி
செய்யதலி பாத்திமா எட்டிப் பார்த்தாள்.
ஸ்டியரிங், கியர், திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு,
நாலு பொட்டு அளவில் ரேடியோ.
"எல்லாம் இருக்கு. பிரேக்கு எங்க?"

மூன்று குண்டூசி எடுத்தேன்.
கிளச்சு நிமிர்ந்து நிற்கிறது.
ஆக்சிலேட்டர் நிமிர்ந்து நிற்கிறது.
நடுவில் உள்ளதைத் தரையோடு அழுத்திப் பிடித்து
பசை காயும்வரை
விரலை எடுக்கவில்லை.
பிறகு கூரையைப் போட்டு மூடினேன்.
உள்ளே பார்க்க வேண்டுமானால்
இனி உடைக்கத்தான் வேண்டும்.

கட்டுப் பிரித்த வாரம்
சாத்துக்குடிப் பையோடு வந்தார் சொரிமுத்து.
தூக்கிப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார்,
நம்பர் பிளேட்டை வாய்விட்டு வாசித்தார்.
"அச்சு அசல்வே! இத எனக்குத் தாரும்,
ஆபீஸ் மேசையில வைக்கேன்,
கண்ணாடிப் பெட்டி செஞ்சு."

எடுத்துட்டுப் போங்க என்றேன்.

தெருமுனைவரை
பச்சைப்பிள்ளையைப் போல
இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார்.

சாத்துக்குடியை உரித்து
ஒரு சுளையை என் கையில் வைத்துக் கேட்டாள்:
"அந்த மிதிய
நிமித்தி வெச்சா குடுத்தீங்க?"

கொட்டையைத் துப்பிவிட்டு
இல்லை என்றேன்.