மூன்று புள்ளிக்கு மேல்

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
இருபத்தொரு வருடம்
நுண்ணோக்கியில் கண் வைத்துப் புள்ளி தேடினேன்.
என் முத்திரை எண் 318.
ஒரு சிப்பில் மூன்று புள்ளிக்கு மேல் என்றால்
சிவப்புத் தட்டு. யோசிக்க வேண்டியதில்லை.

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டியபோது
அவர் சொல்வதற்குள் எண்ணிவிட்டேன்.
ஏழு.
ஓரத்தில் மங்கலாக இன்னொன்று. அவர் அதைச் சேர்க்கவில்லை,
நான் சேர்த்தேன்.

"குணமாக்க இல்லை அக்கா.
தலைவலி குறையும். வலக்கை கொஞ்சம் திரும்பும்.
பத்து நாள் கதிர்."
தயாளன் என்னைப் பார்க்காமல்
காலண்டரைப் பார்த்தார்.

வெந்நீரில் மிதந்தது முகமூடி,
ஊறிப்போன அப்பளம் மாதிரி.
எடுத்து என் முகத்தின்மேல் இழுத்தாள் ஃபாரிடா.
ஆறியதும் இறுகியது.
மேசையோடு சேர்த்துப் பூட்டினார்கள்,
டிக், டிக், நான்கு பக்கமும்.
பிறகு எல்லோரும் வெளியே ஓடினார்கள்,
எனக்கு நல்லது செய்ய.

வலியில்லை. மூடிய கண்ணுக்குள் ஒரு நீலம்,
குளோரின் வாடை.

மாத்திரை பசியைக் கிளப்பியது.
இரவு மூன்று மணிக்குச் சட்டியோடு உட்கார்ந்து
சோறும் நெத்திலிச் சம்பலும்.
தயாளன் விளக்கைப் போடாமல் வந்து
இன்னொரு கரண்டி வைத்தார்.

ஆறாம் நாள்
ரவிக்கைக் கொக்கியை நானே மாட்டினேன்.
கீழே ஒன்று ஜோடியில்லாமல் மிஞ்சியது.
அப்படியே போனேன்.

பத்தாம் நாள் ஃபாரிடா கேட்டாள்,
முகமூடி வேண்டுமா, சிலர் கொண்டுபோவார்கள் என்று.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்,
கைப்பழக்கம்.
முழுக்க ஓட்டை. ஓட்டைதான் அதன் வேலையே.
நீயே வைத்துக்கொள் என்றேன்.
கன்னத்தில் அதன் கட்டங்கள் இருந்தன,
சாயங்காலம் வரை அது போதும்.

திரும்பும் வழியில்
கடலுக்கு நடுவே அது எழுந்து நின்றது.
உயர உயரத் தூண்கள், விசிறிபோல் கம்பிகள்.
ஷிஃப்ட் பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி
எத்தனை ஆயிரம் முறை.
அதற்கு ஒரு பெயர் உண்டு. சின்னப் பெயர்தான்.
நாக்கு நுனிவரை வந்து
வேறெங்கோ இறங்கிவிட்டது.

தயாளன் எடுத்துக் கொடுக்கவில்லை.
"தீவுக்குப் போகத்தான் காசு,
வீட்டுக்கு வர இனாம்" என்று
பழைய நக்கலைச் சொல்லிவிட்டுப் பாதையைப் பார்த்தார்.

எதிரே பிறை. வானத்தில் இருப்பதல்ல,
புகைபோக்கிகளோடு எங்கள் ஊர்.
அந்தப் பெயர் இருந்தது.
பெயர் போன அதன் மேல்தான்
போய்க்கொண்டிருந்தோம்,
அறுபது கிலோமீட்டர் வேகத்தில்.