அயல்

பெட்டியில் சரி போட்டேன்:
உள்ளூர் இனங்கள் மட்டும்.
ஹைடல்பெர்க், குளிர்கால எண்ணிக்கை,
நாலாயிரத்துச் சொச்சம் வரிகள்.
ஒரு கண்சிமிட்டலில்
முந்நூற்றுப் பன்னிரண்டு குறைந்தன.

நெக்கார்க் கரைப் புல்லில் மேய்ந்த
எகிப்திய வாத்துகள் போயின.
மாண்டரின் வாத்து, ஒற்றையாய் வந்தது,
ஒற்றையாய்ப் போனது.
ரயிலடி மரங்களில் அடைந்த பச்சைக்கிளிகள்
கூட்டமாய், சத்தமில்லாமல்.
கிளிகள் சத்தமில்லாமல் போவதை
அன்றுதான் பார்த்தேன்.

கள்ளிப்புறா தங்கிவிட்டது.
அதுவும் வந்ததுதான், என் மாமனார் வயதுதான்
இங்கே அதற்கு.
ஆனால் சொந்தச் சிறகில் வந்ததாம்.
கூண்டில் வந்தது சேர்த்தியில்லை,
கையேடு, ஒன்பதாம் பக்கம்.
ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டுக்கு முன்
யார் கொண்டுவந்திருந்தாலும் கேள்வியில்லை,
பத்தாம் பக்கம்.

விதியோடு எனக்குச் சண்டையில்லை.
சிட்டுக்குருவி குறைகிறதா என்று கேட்பவரிடம்
கிளியை எண்ணிக் காட்ட முடியாது.

பார்வையாளர் பட்டியலைச் சரிபார்க்கையில்
ஓர் ஆளைக் காணவில்லை.
ஃபோல்க்மார் டீட்ஸ்.
வடிகட்டியைக் கழற்றித் தேடினேன்.

நவம்பர் பதினொன்று தொடங்கி
நாற்பத்து மூன்று காலைகள்.
இடம்: மருத்துவமனை, ஐந்தாம் மாடி, ஜன்னல்.
இனம்: கிளி. கிளி. கிளி.
எண்ணிக்கை: ஆறு. ஒன்பது. ஒன்பது.
மூடுபனி, சத்தம் மட்டும், இரண்டு?

குறிப்புக் கட்டத்தில்:
"கட்டிலை மாற்றிவிட்டார்கள். இனிப் பாதி மரம்தான்."
"நர்ஸ் யெலெனா பதினைந்து என்கிறாள்.
நான் பதினாலே பார்த்தேன். பதினாலு."
"உட்கார முடிந்தது. நான்கு."

டிசம்பர் இருபத்து மூன்று: பூஜ்யம்.
குறிப்பு ஏதுமில்லை.
இல்லாததையும் பதிகிற ஆள்.
அதன்பின் வரி கிடையாது.
வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அயல் இனம் என்று
எனக்குள் மொழிபெயர்த்து வைத்திருந்தேன்.
அயல் என்றால் எங்களுக்கு
வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு,
உப்புக் கேட்கிற தூரம்.
அகராதியில் இரண்டு பொருளும்
ஒரே வரியில் குடியிருக்கின்றன,
ஒரு காற்புள்ளி இடைவெளியில்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
அவர் பெயரைக் கையால் சேர்த்தேன்.
பங்களித்த வரிகள்: 0
என்று தானாக விழுந்தது.
அழித்து 43 என்று அடித்தேன்.
சேமித்துத் திறந்தால் மறுபடி 0.

பூஜ்யத்தோடே அனுப்பினேன்.
பெயரை மட்டும்
அதனால் தொட முடியவில்லை.