முகவரி

ஏழாம் கேள்வி: தற்போதைய முகவரி.
ஜுராந்தீர் எழுதிக் காட்டுகிறார்.
தொண்டையில் புண், மூன்று மாதமாய்ப் பேச்சில்லை.
சாந்தோஸ், துறைமுகத்துக்குப் பின்தெரு, நான்காம் மாடி.
அலைச் சத்தம் கேட்கும் வீடு.
வரைபடத்தில் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி
வைக்கச் சொல்கிறது என் உத்தியோகம்.
உப்புக்காற்றில் இந்தப் பூஞ்சை இல்லை.

"காடு வெட்டியதுண்டா?"
ஸெனாய்தி முந்திக்கொண்டாள்.
"ரொந்தோனியாவில். நானும்தான் வெட்டினேன்.
வேரோடு பிடுங்கினால் மண் புகையாய் எழும்.
அர்மடில்லோ வளைக்குள் தோள்வரை கைவிட்டு
இவர் இழுப்பார்,
உரிப்பது நான்.
காப்பிக் கன்றுக்குக் குழி இரண்டு பேரும்.
ஒரே மண்ணைத்தான் மூக்கால் தின்றோம்,
இவருக்கு மட்டும் ஏன்?"

பெண்ணுடம்பில் ஊறும் ஒன்று
அதை உருமாற விடுவதில்லை என்றேன்.
பத்துப் பதினைந்து ஆணுக்கு ஒரு பெண் என்றேன்.
"அப்போ எனக்குள்ளும் இருக்கு, சும்மா."
இருக்கலாம்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

எந்த வருஷம்?
மூத்தவள் வயிற்றிலிருந்த வருஷம்.
அவளுக்கே இப்போது நரைக்கத் தொடங்கிவிட்டதாம்.
எந்த விதைநெல்லும் இத்தனை நாள் பொறுத்ததில்லை.

ஜுராந்தீர் படிவத்தைத் திரும்ப வாங்கினார்.
சாந்தோஸை அடித்தார்.
இடுக்கில் நெருக்கி எழுதினார்:
லின்யா 64, பத்தொன்பதாம் கிலோமீட்டர்.

"அங்கே ஏது வீடு? சோயாதான்.
என் தம்பி பையன் உழுகிறான்" என்றாள்.
டிராக்டருக்குக் கண்ணாடிக் கூண்டு உண்டாம்.
புழுக்கம் தாங்காமல்
திறந்துவைத்துத்தான் ஓட்டுவானாம்.