அடியெடுத்துக் கொடுப்பவள்

கைதட்டலைத்தான் முதலில் பதிவுசெய்தோம்.
அவர் இன்னும் வந்திருக்கவில்லை.
வெளியே தம்பெரேயில் பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
பழைய பஞ்சாலைக் கூடத்தில்
கோட்டைக் கழற்றாத முந்நூறு பேர்
வெற்று மேடையைப் பார்த்து எழுந்து நின்று தட்டினார்கள்.
"இன்னும் கொஞ்சம் உருகுங்கள்" என்றான் தள மேலாளன்.
உருகினார்கள்.

என் இடம் மேடைக்குக் கீழே,
கறுப்புப் பலகை அடைத்த பொந்து.
ஒரு சின்னத் திரை, கட்டைவிரலுக்கு ஒரு திருகு.
ரைமோ ஹல்துனென் எழுதிய வரிகளை
ரைமோ ஹல்துனெனுக்கே உருட்டிக் காட்ட வேண்டும்.
எழுபத்தோரு வயதுக்காரருக்கு
அடியெடுத்துக் கொடுக்கச் சம்பளம் வாங்குகிறேன்.
ஒத்திகையில் குனிந்து ஒன்றே ஒன்று சொன்னார்:
"ரெண்டு வரி முன்னாலேயே ஓடு, துய்ரே.
வேட்டை நாய் மாதிரி. திரும்பிப் பார்க்காதே."

குழு இல்லை இந்த முறை.
டிரம்ஸ்காரர் ஸ்பெயினில் வெயில் காய்கிறார்.
பேஸ் வாசித்தவர் மண்ணுக்குள்.
மூன்றாமவரோடு முப்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை.
ஒரு கிதார், ஒரு நாற்காலி,
அதில் அவர் உட்காரவே இல்லை.
புறங்கைப் புள்ளிகளை ஒப்பனைக்காரி மறைத்து அனுப்பியிருந்தாள்;
முதல் பாட்டு முடிவதற்குள்
ஜீன்ஸில் துடைத்துவிட்டார்.

குரல்?
பனியில் சங்கிலி கட்டிய சக்கரம்.
ஆனாலும் ஏறியது.

நான்காவது பாட்டு, ஐலியின் பாட்டு.
இந்த நாட்டில் குடித்தவர், குடிக்காதவர்
எல்லாருக்கும் மனப்பாடம்.
ஆறு முறை வரும் அவள் பெயர்.
மூன்றாவது முறை
வரவில்லை.

ஒரே கார்டை மீட்டிக்கொண்டு நின்றார்.
காதுக்கருவியில் இயக்குநர்:
"எழுத்தைப் பெரிசாக்கு. இன்னும். இன்னும்."
ஆக்கினேன்.
நான்கே எழுத்து; திரை நிறைந்துவிட்டது.
அவர் மூக்குக்கு நேர் கீழே
வீட்டுக் கதவளவு வெளிச்சத்தில் ஐலி.
பார்த்தார். பிறகு
அதற்குப் பின்னால் இருட்டில் என்னைப் பார்த்தார்.

மறதி இல்லை அது.

பிறகு பாடினார்,
என்னிடம் இல்லாததை.
கப்பல் டிக்கெட்டின் விலை.
வேலை செய்யாத ஹீட்டர்.
காரை ஓட்டியது அவள்தான், தான் அல்ல என்று.
வாசலில் இறக்கிவிட்டு
இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தாள் என்று.
எதுகை இல்லை, தாளத்துக்கு இரண்டு சொல் அதிகம்.
திருகில் என் விரல் சும்மா கிடந்தது.
மேலே யாரோ இருமினார்கள்.
புது சரணம் என்று நினைத்துத் தட்டினார்கள்;
யாரும் சொல்லிக்கொடுக்காத தட்டல்,
அங்கங்கே, ஒழுங்கில்லாமல்.

"பாதுகாப்புக்கு நாலாவதை மறுபடி" என்றார்கள்.
தண்ணீர் குடித்தார்.
விளிம்பில் வந்து குந்தி உட்கார்ந்தார், முழங்கால் நெறித்தது.
"நான் என்ன சொன்னேன்?"
"நான் தட்டச்சு செய்யவில்லை" என்றேன்.
டேப்பில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.
அவருக்குத் தெரியாதா?
"நல்லது" என்றார்.
இரண்டாம் முறை ஆறு தடவையும் பெயர் சொன்னார்,
சுங்கச் சாவடியில் காசு எண்ணிக் கொடுப்பதுபோல.

ஏப்ரலில் ஒளிபரப்பு.
ரேடியேட்டரில் மகனின் பனிச்சறுக்குக் காலுறைகள் காய,
மீன் சூப் ஆற, பார்த்தேன்.
இரண்டாவதைத்தான் போட்டார்கள்.
பிழை இல்லை. மூன்றாம் கேமரா அழகாக நகர்ந்தது.

ஆனால் நடுவில் ஒரு மூன்று விநாடி
முதலாவதிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்:
தலை குனிந்து கீழே பார்க்கும் முகம்.
"ஜெபம் பண்ணுகிறார்" என்றான் என் கணவன்.
காலுறைகளைத் திருப்பிப் போட எழுந்தேன்.
அவர் கன்னத்தில் வெள்ளையாக விழுந்திருந்த வெளிச்சம்
என்ன எழுத்து என்று
நான் அவனிடம் சொல்லவில்லை.