செவ்வாய்க்கிழமை

தியரிக்கு எண்பது போதும்,
வார்டுக்கு நூறு.
இதைச் சொல்லும்போது ரெக்சலின் மேடம்
கண்ணாடியைக் கழற்றிவிடுவார்,
யார் முகமும் தெளிவாகத் தெரியாதபடி.

அந்த வாரம் அடுத்தடுத்து இரண்டு ஹர்த்தால்.
பாறசாலையில் ஒரு பெட்டிக்கடைகூட இல்லை,
களியக்காவிளையில் ஏத்தம்பழ பஜ்ஜி வேகிறது.
அங்கே ஓடாத பஸ்ஸை
இங்கே இருக்கும் ரிஜிஸ்டர் நம்பவில்லை.
செவ்வாய்: சிவப்பு மை.
புதன், மழையோடு நடந்தே வந்தேன்
இஞ்சிவிளை செக்போஸ்ட் தாண்டி,
வெள்ளை ஷூவைக் கவரில் சுற்றிக்கொண்டு.
ஏழு ஐம்பத்தெட்டுக்கு
'ப்ரெசென்ட் மேடம்.'

செவ்வாய்க்கு ஈடாக ஞாயிறு.
ஆண்கள் வார்டு, ஆறு மணி நேரம்.
ஒன்பதாம் கட்டில் தாசையனுக்குச் சர்க்கரை,
இடது காலில் இரண்டு விரல் இல்லை.
கட்டில் கை வைத்ததும் காலை இழுத்துக்கொண்டார்.
"செவ்வாச்ச எங்க போன மக்ளே?
வேற ஒருத்தி வந்தா.
ஒட்டின துணிய அப்படியே உரிச்சா."

ஹர்த்தால் என்று சொல்ல வந்தேன்.
அவரும் பாறசாலைக்காரர்தான், தெரிந்திருக்கும்.
சலைனை ஊற்றினேன்,
துணி இளகட்டும் என்று நின்றேன்.
நாலு நிமிடம் பிடித்தது, ஐந்தும் இருக்கலாம்.
அவர் கூரை மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தார்,
நான் அவர் கால் நடுக்கம் நிற்கிறதா என்று பார்த்திருந்தேன்.

சாயங்காலம் மேடம் நோட்டை வாங்கி
சிவப்பை அடித்துப் பச்சையில் எழுதினார்,
இப்போது நூறு.

செவ்வாய்க்கிழமை மட்டும்
அவர் காலில்
இன்னும் மூடவில்லை.