ஏழாம் கேள்வி

கோயமுத்தூர் கலெக்டர் ஆபீஸ், பின்கட்டு.
முன்னாள் படைவீரர் பிரிவு.
விசிறி ஓடாத மேசையில் எபனேசர் சார்
படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.
"ஏழாவதை விட்டுட்டீங்களே, ஒண்டியப்பன்.
நேரில் கண்ட போர்கள். நாலு வரி இருக்கு."

நான் ஒன்றையும் காணவில்லை.
கரையில் ஆள் இறக்கும் படகில் எஞ்சின் ஆள்.
மேலே இருநூறு காலாள்கள்.
கீழே நானும் ரத்னகிரி சாவந்தும்
ஒரு பல்பும்
ஓயாத டீசலும்.
படகுக்குப் பெயர் வைக்கவில்லை, நம்பர்தான்.
நம்பரைச் சொன்னேன். அதை எழுதிக்கொண்டார்.

மூலனூர்க் காட்டில் பிறந்தவன் நான்.
அறுபதடிக் கிணற்றுக்கு மேல்
எந்தத் தண்ணீரையும் நம்பியதில்லை.
ஆள் எடுத்தவர் நீச்சல் தெரியுமா என்று கேட்கவில்லை.
பல்லைப் பிடித்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

அரக்கான் கரை என்றார்கள்.
மணல் என்று எண்ணிவிடாதீர்கள், சேறு.
பார்த்துச் சொல்லவில்லை.
எஞ்சினுக்குத் தண்ணீர் இழுக்கும் வடிகட்டியில்
வந்து அப்பிய கறுப்பை
விரலால் வழித்துச் சொல்கிறேன்.

கவலை ஓட்டினவனாயிருந்தால் சட்டென்று புரியும்.
கரை நெருங்குமுன் பின்னால் ஒரு நங்கூரம் விடுவோம்.
கம்பிவடம் ஓடும், படகு நிலத்தில் மூக்கை ஊன்றும்.
சரிவின் அடியில் மாடுகள் நிற்க
மேலே சால் கவிழ்கிற மாதிரி
ஆட்கள் கொட்டுவார்கள்.
அப்புறம் வடத்தைச் சுருட்டிப் பின்னே வா, பின்னே வா.
முகம் திருப்பாமல் பின்னேறும் மாடு.
படகும் அப்படித்தான்.

எபனேசர் சார் டவுன்காரர். குழாயடி.
"சரி, சத்தமாவது கேட்டிருக்குமே?"

எஞ்சின் சத்தம் கேட்டதுங்க.
தகட்டில் தெறிப்பது குண்டா, கழன்ற போல்ட்டா என்று
சாவந்த் என் முகத்தைப் பார்த்தான்,
நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.
அதை எழுதலாமுங்களா?

கால்தான் கண்டது.
பூட்ஸ் கடித்துப் புண்ணாகி
இரும்புத் தளத்தில் வெறுங்காலோடு நின்றேன்.
ஒரு ஆள் இறங்கினால் மயிரிழை எழும்பும்.
இருநூறும் போனபின் நாலு விரல்.
பொழுது சாய மறுபடி போனோம்.
மயிரிழை மயிரிழையாய்த் தளம் தாழ்ந்தது,
பாதியில்
நின்றுவிட்டது.
நாற்பத்தொன்று என்றேன் நான்.
இல்லை, முப்பத்தெட்டு என்றான் சாவந்த்.
ஏறியவர்கள் நடந்து ஏறினார்களா, தூக்கிவந்து கிடத்தினார்களா,
எடைக்கு அது தெரியாது.

"மத்தவங்க முன்னேறிப் போயிட்டாங்களா, இல்ல..."
"அதுதானுங்க தெரியல."

இரண்டாம் நாள் எஞ்சின் கொதித்தது.
வடிகட்டியைக் கழற்றினேன்.
சேறு, இலை, ஒரு தொப்பியின் தோல்வார்.
பக்கிள் பூட்டியபடியே இருந்தது.

சார் பேனாவை நிமிர்த்தினார்.
"அது இருக்கா? ஆதாரமா இணைச்சிடலாம்."
"கடல்ல போட்டுட்டேனுங்க.
எஞ்சின் கொதிச்சிட்டிருந்துச்சு."

நாலு வரிக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரு கோடு,
அதன்மேல் 'இல்லை'.
முத்துமுத்தான கையெழுத்து.
முப்பது நாள் கழித்து வரச் சொன்னார்.

தாராபுரம் பஸ். பின் சக்கரத்துக்கு மேல் சீட்.
செருப்பைக் கழற்றிவிட்டேன்.
சூலூர் தாண்டியதும் கண்ணை மூடினேன்.
பல்லடத்தில் நின்றது.
இறங்க இறங்கப் பலகை எழும்பியது,
பதினாலு.
கண்ணைத் திறக்காமலே கண்டக்டரிடம் கேட்டேன்.

"பன்னெண்டு டிக்கெட்டு.
அப்பறம் ஒரு மூட்டை பருத்திங்க.
ஏனுங்க?"