கழிவுநீர்க் குளம், கேப்டவுன்

விடுமுறையில் நான்காம் நாள்.
ஊரே மேசைமலைக்குப் போக
நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு
கழிவுநீர்க் குளக்கரைக்கு.

வாசலில் காவலர் வுயிசிலே
பதிவேட்டை நீட்டினார்.
'வந்த காரணம்' என்ற கட்டத்தில்
பறவை என்றெழுதினேன்.
அதற்கு மேல்வரி: மோட்டார் பழுது.

பூநாரை நானூறு, கூழைக்கடா,
சேற்றைத் தைத்துக்கொண்டே போகும் அரிவாள்மூக்கன்.
முப்பத்தெட்டு வகை.
நாற்றம் எப்போது போனதென்று தெரியவில்லை.

திரும்பும்போது
லாரி வளையும் இடத்தில்
ஓர் ஆரஞ்சுக் கூம்பு.
பள்ளமா என்றேன்.

"மெதுவாப் பாருங்க."

சரளைக்கல்லோடு சரளைக்கல்லாய்க்
கண்கிலேடி.
மஞ்சள் கண் மட்டும் கல் இல்லை.
வயிற்றடியில் இரண்டு முட்டை.

"பதினெட்டு நாளாச்சு.
லாரிக்காரன் எல்லாம் திட்டுறான்."

முப்பத்தொன்பது என்று எழுதப்போனவள்
பேனாவை மூடிவிட்டுக்
கூம்பைச் சுற்றி
வண்டியை ஒடித்தேன்.